பிடித்த பக் ஏன் நிற்கவில்லை: ஒரு ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் கிளவுஸ் தேர்வு

"கை மெதுவாயிடுச்சு அண்ணா. பக் உள்ளே வருது, ஆனா நிக்க மாட்டேங்குது."

இதைச் சொன்னவருக்கு வயது 31. பெரியவர்களுக்கான பொழுதுபோக்கு லீக் ஒன்றில் மூன்று சீசனாகக் கோல் காக்கிறார். இடது கையில் பக்கை, அதாவது ஐஸில் ஓடும் ரப்பர் வில்லையைப் பிடிக்கும் கிளவுஸ், வலது கையில் பக்கைத் தட்டிவிடும் பலகையான பிளாக்கரும் ஸ்டிக்கும். வாரத்துக்கு ஒரு ஆட்டம், ஒரு பயிற்சி. அவருக்குக் கிளவுஸ் தேர்வு செய்ய உதவியதை ஆரம்பத்திலிருந்து எழுதிவைக்கிறேன். அவர் கேட்டு வந்த கேள்வி ஒன்று, எங்களுக்குக் கிடைத்த பதில் வேறொன்று. நடுவில் நாங்கள் எடுத்த தப்பான முடிவுதான் அந்தப் பதிலைக் காட்டிக் கொடுத்தது.

அவர் கேட்டது இதுதான்: "கஃப் ரெண்டு துண்டா இருக்கிற கிளவுஸுக்கு மாறிடலாமா?" ஒற்றைத் துண்டுக் கஃப் மணிக்கட்டைப் பூட்டிவிடும், அதனால்தான் பக் நழுவுகிறது என்று அணியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முதல் நாள் நானும் அதை நம்பினேன்.

கையில் இருந்த கிளவுஸ்

அவரிடம் இருந்தது ஒரு சீசன் பழகிய, நல்ல நிலையில் இருந்த பெரியவர் அளவுக் கிளவுஸ். தொழில்முறை ஆட்டத்தில் அவருக்குப் பிடித்த ஒரு கோல்கீப்பர் அணியும் வடிவம் என்பதால் வாங்கியிருக்கிறார். இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. முதல் கிளவுஸை எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறோம்.

மேலே போவதற்கு முன் கிளவுஸின் உடம்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம், இல்லையென்றால் பின்னால் வருவது விளங்காது. மணிக்கட்டை மூடும் பலகை போன்ற பகுதி கஃப். அதற்கு மேலே கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு கெட்டியான பலகை. இந்த இரண்டும் ஒரே தகடாக நீண்டிருந்தால் ஒற்றைத் துண்டுக் கஃப். நடுவில் வெட்டுவிட்டு, மணிக்கட்டு வளைய இடம் கொடுத்தால் இரட்டைத் துண்டுக் கஃப். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கயிறு கட்டிய பை இருக்கிறது, அதுதான் பாக்கெட். பாக்கெட்டைத் தாங்கி நிற்கும் பட்டை 'டி' (ஆங்கில T). அது ஒன்றாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும். உள்ளே விரல்களுக்குத் தனித்தனிக் கூடு, கையின் பின்புறம் இழுத்துக் கட்டும் பட்டைகள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பகுதிகள். தெரியாத பகுதி ஒன்று உண்டு: மடிப்பு. கிளவுஸை மூடும்போது அது எந்தக் கோட்டில் மடிகிறது என்பது. இதைக் கோணத்தால் குறிக்கிறார்கள், 60, 75, 90 பாகை என்று. 60 என்றால் மடிப்பு கட்டைவிரல் அடிப்பக்கம் விழும்; மூடும் வேலையில் பெரும்பங்கு கட்டைவிரலுக்கும் உள்ளங்கையின் அடிமேட்டுக்கும். 90 என்றால் விரல்கள் மடங்கி வந்து மூடும், பேஸ்பால் கிளவுஸ் மாதிரி. 75 இரண்டுக்கும் நடுவில், முழுக் கையும் சேர்ந்து மூடும். இந்த எண்களைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 75 இன்னொன்றின் 75 போலக் கையில் உட்காருவதில்லை. கையை உள்ளே விட்டு நாலு தடவை மூடிப் பார்த்தால் தெரிவது, அட்டையில் அச்சிட்ட எண்ணை விட நம்பகமானது.

அவருடையது ஒற்றைத் துண்டுக் கஃப், கட்டைவிரல் பக்க மடிப்பு, ஒற்றை டி, ஆழமான பாக்கெட், உள்ளங்கையில் பயிற்சிக்கான தடித்த பஞ்சு.

பேஸ்பால் என்று சொன்னது சும்மா உவமைக்காக இல்லை. 1940களில் சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணிக்குக் கோல் காத்த எமில் பிரான்சிஸ், பேஸ்பாலில் முதல் பேஸில் நிற்பவர் அணியும் கிளவுஸை எடுத்து, அதோடு ஹாக்கி கிளவுஸின் கஃபைத் தைத்து மாட்டிக்கொண்டு ஆட வந்தார். எதிரணி ஆட்சேபித்தது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் தலைவராக இருந்த கிளாரன்ஸ் கேம்பெல் அதைப் பார்த்துவிட்டு அனுமதித்தார். அதுவரை கோல்கீப்பர்கள் போட்டிருந்தது மற்ற ஆட்டக்காரர்களின் கிளவுஸிலிருந்து அவ்வளவாக மாறாத ஒன்று. இன்று கடையில் தொங்கும் ஒவ்வொரு கிளவுஸிலும் அந்த இரண்டு பொருள்கள் ஒட்டுப்போட்ட தையல் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றும்: ஒரு பக்கம் பிடிக்கும் பை, ஒரு பக்கம் தடுக்கும் பலகை. இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு என்பதுதான் கிளவுஸ் வகைகளின் மொத்தச் சண்டையும்.

விதி அந்தச் சண்டையை இன்னும் இறுக்கிவிட்டது. என்.எச்.எல்.லிலும் சர்வதேச ஆட்டத்திலும் கிளவுஸின் சுற்றளவு 45 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2005-06 சீசனில் கோல்கீப்பர் சாமான்களை எல்லாம் சுருக்கியபோது இந்த அளவுக்கு வந்தது. கஃப் 8 அங்குல நீளத்துக்கு மேல் போகக் கூடாது. கிளவுஸின் அடிப்பக்கமான குதியிலிருந்து பாக்கெட் வழியாக டியின் உச்சி வரை அதிகபட்சம் 18 அங்குலம். ஆக எல்லா நிறுவனமும் அதே 45 அங்குலக் கயிற்றைத்தான் வளைத்து வளைத்து வடிவம் செய்கிறது. கட்டைவிரல் பலகையை அகலமாக்கினால் வேறெங்கோ குறையும். "இந்தக் கிளவுஸ் பெருசு" என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் பெரியது, எந்த இடத்தில் அதற்கு விலை கொடுத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

விழுந்த பக்கை எண்ணியது

நேரே கடைக்குப் போகாமல் முதலில் ஒரு பயிற்சியை முழுதாகப் படம் பிடித்தோம். கண்ணாடிக்குப் பின்னால், வலைக்கு நேர் பின்னே போனை வைத்து, மெதுவாக ஓட்டிப் பார்க்கிற மாதிரி எடுத்தோம். கிளவுஸ் பக்கமாக வந்த ஷாட்டுகளில் முதல் 40 மட்டும் கணக்கு. இது சின்ன எண்ணிக்கைதான். இருந்தாலும் ஞாபகத்தை நம்புவதை விட மேல். ஞாபகத்தில் வாங்கிய கோல்கள் மட்டும்தான் இருக்கும்.

14 பக் பிடித்து நின்றது. 9 பக் கஃபிலோ கட்டைவிரல் பலகையிலோ பட்டு முன்னால் விழுந்தது. 5 பக் கையை எட்டவே இல்லை. மீதி 12 உள்ளங்கையிலோ பாக்கெட்டிலோ பட்டு வெளியே வந்தது.

அந்த 12ஐத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். கை தாமதமாகப் போனது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் கிளவுஸ் சரியான இடத்தில், சரியான நேரத்தில் இருந்தது. மூடவில்லை, அவ்வளவுதான். சில ஷாட்டில் பாதி மூடி நின்றது. பக் பாக்கெட்டின் வாயைத் தொட்டுவிட்டு உருண்டு இறங்கியது.

"கை மெதுவா இல்ல தம்பி, பாரு. கை முன்னாடியே அங்க இருக்கு."

அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதிக்காகவே அந்தப் படத்தை எடுத்திருக்கலாம். இரண்டு மாதமாகத் தன் வயதைப் பழித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மூடுவது எவ்வளவு குறுகிய நேரத்து வேலை என்று யோசித்துப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் தூரத்திலிருந்து வரும் பக்குக்கு வந்து சேர மூன்றில் ஒரு பங்கு நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அந்த நேரத்துக்குள் பார்க்க வேண்டும், கையைக் கொண்டுபோக வேண்டும், கடைசியில் மூடவும் வேண்டும். பக்கோ 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. எடை 156 முதல் 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பது துள்ளலைக் குறைக்கத்தான். அப்படியும் தட்டையாக வந்து உள்ளங்கையில் அறைந்தால் எகிறித்தான் போகும். விளிம்பாக வந்தால் மடிப்பின் வழியே பாக்கெட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்கு இரண்டு கை சேர்ந்து வேலை செய்யும். இங்கே ஒரே கை.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2002 பிளேஆஃப், அதாவது என்.எச்.எல். கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள், சாட்சி. மேற்கு மாநாட்டு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். டெட்ராய்ட்டின் ஸ்டீவ் ஐசர்மேன் அடித்ததைப் பிடித்துவிட்டதாக நினைத்து, கொலராடோவின் பாட்ரிக் ருவா கிளவுஸை மேலே தூக்கிக் காட்டினார். பக் கையை விட்டுக் கீழே விழுந்துவிட்டது. பிரெண்டன் ஷானஹன் அதை உள்ளே தள்ளினார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் அவர். அவருக்கே நடந்தது என்று சொன்னபோது நம்ம ஆளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

முதல் மாற்றமும், அது சொன்ன செய்தியும்

காசு செலவாகாத வேலையை முதலில் முடித்தோம். கையின் பின்புறப் பட்டைகள் தளர்ந்திருந்தன, மணிக்கட்டுப் பட்டையும் அப்படியே. கை உள்ளே நீந்திக்கொண்டிருந்தால் எந்த வடிவமும் மூடாது. விரல் நுனி கூட்டின் முடிவைத் தொடுகிற மாதிரி இழுத்துக் கட்டினோம். கொஞ்சம் பரவாயில்லை என்றார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கை சின்னதாக இருந்திருந்தால் இளையோருக்கும் பெரியவருக்கும் நடுவே உள்ள அளவைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

அப்புறம்தான் அந்தத் தப்பான முடிவு. அவர் கேட்டபடியே இரட்டைத் துண்டுக் கஃப் வைத்த கிளவுஸ் ஒன்றை இன்னொரு கோல்கீப்பரிடம் இரவல் வாங்கினோம். மடிப்பு எப்படி என்று நான் பார்க்கவே இல்லை. அதுவும் கட்டைவிரல் பக்கம் மடிகிற கிளவுஸ்தான். இரண்டு வாரம் அதை வைத்தே ஆடினார். மறுபடியும் 40 ஷாட் எண்ணினோம். பிடித்தது 15. உள்ளே பட்டு வெளியே வந்தது 11. எட்டாதது 5. கஃபில் பட்டது 9.

பிடிக்கும் கணக்கு கிட்டத்தட்ட நகரவே இல்லை. ஆனால் கஃபில் பட்ட 9 பக்கும் விழுந்த விதம் மாறிவிட்டது. பழைய கிளவுஸில் அவை பெரும்பாலும் அவர் காலடியில் செத்து விழுந்தன. எட்டி மூடிக்கொள்ள முடிந்தது. இரட்டைத் துண்டில் மணிக்கட்டு பின்னால் மடங்கிக் கொடுத்ததால் பக் ஏறுக்கு மாறாகத் தெறித்து, இரண்டு தடவை எதிரணியின் ஸ்டிக்கிலேயே போய் உட்கார்ந்தது. வெட்டு இருக்கும் இடத்தில் ஒரு பக் நேராகப் பட்டு, நாலு நாள் மணிக்கட்டு வலித்தது.

எனக்குப் புரியத் தொடங்கியது இங்கேதான். கஃபை மட்டும் மாற்றினோம், நழுவுவது மாறவில்லை. அப்படியென்றால் நழுவலுக்கும் கஃபுக்கும் சம்பந்தம் இல்லை. அது மட்டுமா, அவர் ஆடும் விதத்துக்கு ஒற்றைத் துண்டுக் கஃப் நல்லது செய்துகொண்டிருந்தது. பட்டர்ஃபிளையில், அதாவது முட்டி போட்டுக் கால்களை இருபக்கமும் விரித்து இறங்கும்போது அவர் கிளவுஸைக் கால் பேடுக்கு மேலேயே, இடைவெளியை அடைத்தபடி வைப்பவர். ஆட்டத்தில் அவர் பிடிப்பதை விட அடைப்பதே அதிகம். அந்த இடத்தில் வளையாத பலகை வேண்டும்.

இரட்டைத் துண்டைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலையை விட்டு வெளியே போய்ப் பக்கை நிறுத்தி, கிளவுஸ் கையால் ஸ்டிக்கின் கழுத்தைப் பிடித்துப் பாஸ் கொடுக்கிறவர்களுக்கு அது வரம். மணிக்கட்டு சுழலும், ஸ்டிக் கையில் நிற்கும். கையைத் தள்ளி எட்டிப் பறித்துப் பிடிக்கும் பாணிக்காரர்களும் அதைத்தான் விரும்புவார்கள். நம்ம ஆள் பக்கை ஸ்டிக்கால் ஓரமாகத் தட்டிவிட்டு உடனே வலைக்குத் திரும்புகிறவர்.

வெறுங்கைச் சோதனை

இந்தச் சோதனையைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, இடது கையை நீட்டச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லி, ஒரு டென்னிஸ் பந்தை உள்ளங்கையில் போட்டேன். யோசிக்காமல் பிடிக்க வேண்டும். இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் எது முதலில் நகர்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

நகர்ந்தது விரல்கள். நான்கும் சேர்ந்து அடியில் மடிந்து பந்தை உள்ளங்கையோடு அழுத்தின. கட்டைவிரல் சும்மா ஓரத்தில் நின்று கடைசியில் வந்து மேலே படுத்தது. உள்ளங்கையில் பேனாவால் மடிப்பை வரைந்து பார்த்தோம்: விரல்களின் அடியில் குறுக்கே ஓடும் ரேகையை ஒட்டியே கோடு வந்தது. கட்டைவிரல் மேட்டைச் சுற்றி வளையும் ரேகை பக்கம் போகவே இல்லை.

பிறகு அவருடைய பழைய கிளவுஸை எடுத்து, அதன் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தோம். கட்டைவிரல் அடியிலிருந்து குதியை நோக்கி இறங்கியது. கை ஒரு கோட்டில் மடிய நினைக்கிறது, கிளவுஸ் இன்னொரு கோட்டில் மடிகிறது. நிதானமாக மூடும்போது ஒன்றும் தெரியாது, தசை ஈடுகொடுத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நொடியில் ஈடுகொடுக்க நேரம் ஏது? விரல்கள் தள்ளும், தகடு எதிர்க்கும், கிளவுஸ் பாதியில் நிற்கும். நாங்கள் படத்தில் பார்த்தது அதைத்தான்.

அதோடு உள்ளங்கைப் பஞ்சும் சேர்ந்துகொண்டது. பயிற்சிக்கான தடித்த உள்ளங்கை வலியைத் தாங்கும், நாள் முழுக்க ஷாட் வாங்குகிறவர்களுக்கு அது அவசியம்தான். ஆனால் மடிய வேண்டிய இடத்திலேயே அது மெத்தை போட்டு வைக்கிறது. பக் எங்கே பட்டது என்ற உணர்வும் மங்கிப்போகும். வாரத்துக்கு இரண்டு முறை ஆடுகிறவருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. இதில் என்னோடு ஒத்துப்போகாத கோல்கீப்பர்கள் உண்டு, அவர்கள் உள்ளங்கை எலும்பு நோவைப் பட்டவர்கள். அவர்கள் சொல்வதையும் நான் மதிக்கிறேன்.

இரவலில் மூன்று, முடிவில் ஒன்று

இந்த முறை தேடல் எளிதாக இருந்தது, ஏனென்றால் எதைத் தேடுகிறோம் என்று தெரியும். மூன்று கிளவுஸ் இரவலில் கிடைத்தன. மூன்றுமே யாரோ பழக்கி வைத்தவை. இது முக்கியம்: புதுக் கிளவுஸை ஒப்பிட்டுப் பார்ப்பது பச்சைத் தோலை ஒப்பிடுகிற மாதிரி, எல்லாமே மரக்கட்டையாகத்தான் இருக்கும்.

விரல் மடிப்பும் இரட்டைத் துண்டுக் கஃபும் கொண்டது முதலாவது. கையை விட்டவுடன் "ஐயோ, இது தானா மூடுது" என்றார். டென்னிஸ் பந்து ஒன்றுகூட விழவில்லை. ஐஸுக்குப் போனதும் பழைய கதை: கஃபில் பட்டது எல்லாம் தெறித்தது. அவருக்கு அந்தக் கிளவுஸை விட மனசே இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். கையில் உட்காரும் சுகம் ஒரு பாதி, ஆட்டத்தில் அது நிற்கும் இடம் மறுபாதி.

இரண்டாவது 75 பாகை, ஒற்றைத் துண்டு. நல்ல கிளவுஸ். இதில் குறை சொல்ல அவருக்கு எதுவும் இல்லை, பாராட்டிச் சொல்லவும் எதுவும் இல்லை. கையின் பழக்கம் தெரியாதவருக்கு நான் இதையே சொல்வேன்.

மூன்றாவது 90 பாகை, ஒற்றைத் துண்டு, இரட்டை டி, ஆட்டத்துக்கான மெல்லிய உள்ளங்கை. ஒரு பயிற்சி முழுக்க ஆடிவிட்டு வந்து கிளவுஸைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தார். சரி, இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டி பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை டியில் பாக்கெட் பை மாதிரி ஆழமாகத் தொங்கும். இரட்டை டியில் வாய் அகலமாக விரிந்து வடிவம் குலையாமல் நிற்கும். இதை வைத்து மணிக்கணக்கில் பேசுவார்கள். கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் பாக்கெட்டின் ஆழத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் என் தேர்வில் இதற்குக் கடைசி இடம்தான். மடிப்பை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. அதனால் அதற்கு முதல் இடம்.

வலது கையில் பிடிப்பவர்களுக்கு இப்படி மூன்று நான்கு இரவல் கிடைப்பது கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். டோனி எஸ்போசிடோவும் கிரான்ட் ஃபியூரும் வலது கையில் பிடித்தவர்கள்தான். ஆனாலும் அந்தப் பக்கத்துக் கிளவுஸ் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் வெறுங்கைச் சோதனையை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

பழக்கியது

அதே வகையில் புதிது ஒன்று வாங்கினார். முதல் நாள் அதை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மூடியது. சூடான அடுப்பில் வைத்து எடுக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்து நன்றாக வந்த கிளவுஸும் உண்டு. ஆனால் உள்ளே பிளாஸ்டிக் தகடும் பஞ்சும் பசையும் இருக்கின்றன. சூடு கொஞ்சம் மிஞ்சினால் வளைந்த தகட்டை நிமிர்த்த முடியாது. நான் வேண்டாம் என்றேன்.

நாங்கள் செய்தது பொறுமையான வேலை. கையை உள்ளே விட்டு, சரியான மடிப்புக் கோட்டிலேயே தினமும் கொஞ்ச நேரம் மூடித் திறப்பது. கோடு விலகி மடிந்தால் அப்படியே பதிந்துவிடும் என்பதால் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு கவனமில்லாமல் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பாக்கெட்டில் பந்து ஒன்றை வைத்து மூடி, பட்டையால் கட்டி ராத்திரி முழுக்க வைப்பது. சுவரில் எறிந்த டென்னிஸ் பந்தைப் பிடிப்பது. மூன்றாவது வாரத்திலிருந்து பயிற்சியில் மட்டும் போட்டார், ஆட்டத்துக்குப் பழையதே. ஐந்தாவது வாரம் ஆட்டத்துக்கும் புதியது வந்தது. ஆட்டம் முடிந்ததும் ஈரத்தோடு பைக்குள் திணிக்காமல் காற்றில் உலர்த்திவிட்டு, அப்புறம்தான் பந்து வைத்துக் கட்டுவது.

நடுவில் ஒரு வாரம் சுட்டுவிரலின் அடியில் நன்றாக வலித்தது. மெல்லிய உள்ளங்கை, பாக்கெட்டில் விழாமல் நேராகக் கையில் வாங்கிய ஷாட்டுகள். உள்ளே அணியும் மெல்லிய காப்புறை ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். விரல் கூடு இறுகிப்போய் மூடுவது பாதித்தது. அதைக் கழற்றிவிட்டு, பயிற்சியின் ஆரம்பத்தில் பலமான ஷாட்டுகளை அந்தப் பக்கம் அடிக்க வேண்டாம் என்று அணியிடம் கேட்டுக்கொண்டோம். பாக்கெட்டில் வாங்கப் பழகப் பழக வலி போய்விட்டது.

பத்தாவது வாரத்துக் கணக்கு

மறுபடி படம், மறுபடி 40 ஷாட். பிடித்து நின்றது 25. கஃபில் பட்டு முன்னால் விழுந்தது 8. எல்லாமே கை எட்டும் தூரத்தில். எட்டாதது 4. உள்ளே பட்டு வெளியே வந்தது 3.

பழைய கிளவுஸை அவர் தூக்கிப் போடவில்லை. அணியில் கோல் காக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர் ஒருவருக்கும் அதே வெறுங்கைச் சோதனையைச் செய்தோம். அவருக்குக் கட்டைவிரல்தான் முதலில் பாய்ந்தது. அந்தக் கிளவுஸ் இப்போது அவரிடம் இருக்கிறது. நம்ம ஆள் போராடிய அதே பாக்கெட்டில் அவர் சாதாரணமாகப் பிடிக்கிறார்.

எட்டாத அந்த 4 ஷாட்டைப் பற்றி நாங்கள் தனியாக உட்கார்ந்து பேசினோம். நான்கும் தோளுக்கு மேலே, கம்பத்துக்கும் குறுக்குக் கம்பிக்கும் நடுவே போனவை. முதல் படத்தில் எட்டாத 5 ஷாட்டையும் எடுத்துப் பார்த்தால் அவையும் அதே மூலைதான். மூன்று கிளவுஸ் மாறியும் அந்த மூலை மட்டும் மாறவில்லை. அவர் காத்திருக்கும்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார். கிளவுஸ் உடம்புக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. மேலே போக வேண்டுமானால் முதலில் முழங்கை விலாவை விட்டுக் கழன்று வர வேண்டும், அதற்குள் பக் போய்விடுகிறது. முழங்கையை உடம்புக்கு முன்னால் கொண்டுவந்து, கிளவுஸ் தன் கண்ணின் ஓரத்தில் தெரிகிற மாதிரி வைத்து நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறார். தோள் சீக்கிரம் சோர்ந்துபோகிறது என்கிறார். இந்த மாதக் கடைசியில் மறுபடியும் படம் எடுக்கிறோம்.